கொத்தும் போத்தலும்

பொகவந்தலாவையிலிருந்து ஒரு மாணவர் நமக்குக் கடிதம் எழுதியுள்ளார். வீட்டிலே கிடந்த பழைய எண்கணித நூலொன்றில், நான்கு குவாட்டு கொண்டது ஒரு கலன் என்று இருக்கிறதாம். அவருடைய அப்பாயியோ, ஆறு போத்தல் கொண்டதே ஒரு கலன் என்று அடித்துச் சொல்கிறாராம். “குவாட்டும் போத்தலும் ஒன்றுதான் என்று கடைக்கார மாமா கூறுகிறார். அப்படியானால் பிழை புத்தகத்திலா, அப்பாயியிடத்திலா?” என்பது அவர் வினா.

புத்தகத்திலும் பிழையில்லை, அப்பாயியிடத்திலும் பிழையில்லை. கடைக்கார மாமா கூறியது பாதி மெய். அந்தப் பாதி மெய் எவ்வாறு பிறந்தது என்பதைச் சொன்னால், முகத்தலளவையின் பெரும்பகுதியைச் சொன்னதாகும்.

குவாட்டு என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் கால் பங்கு என்பதே பொருள். எதன் கால்? கலனின் கால். ஆங்கிலேயர் 1824 ஆம் ஆண்டிலே சட்டம் செய்து, பத்து இறாத்தல் தண்ணீர் கொள்ளும் இடமே ஒரு கலன் என்று வரையறுத்தனர். இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 4.546 லீற்றர். அதன் கால் 1,136 மில்லிலீற்றர். அதுவே ஒரு குவாட்டு. அதில் பாதி ஒரு பைந்து. அமெரிக்கர் இச்சட்டத்துக்கு முன்பிருந்த, 231 கன அங்குலமுள்ள பழைய திராட்சை மதுக் கலனையே வைத்துக்கொண்டமையால், அவர்களுடைய குவாட்டு 946 மில்லிலீற்றரே ஆகும். நம்முடையதைவிட ஆறிலொரு பங்கு குறைவு. அமெரிக்கச் சமையல் நூலைப் பார்த்துச் சமைக்கும் இல்லத்தரசியர் இதனை நினைவில் வைப்பது நன்று. பெயர் ஒன்று, பாத்திரம் வேறு.

இனிப் போத்தலுக்கு வருவோம். ஆங்கில நாட்டு மது வணிகர் தங்கள் போத்தலைக் குவாட்டு என்றே அழைத்து வந்தனர். ஆனால் அது முழுக் குவாட்டைக் கொள்வதில்லை. மூன்றில் இரண்டு பங்கைத்தான் கொள்ளும். ‘குவாட்டு என்று பேர் பெற்றது’ என்னும் பொருள்பட அதற்கொரு தனிப் பெயரும் இருந்தது. அத்தகைய போத்தல் ஆறு சேர்ந்தால் ஒரு கலன். அந்தப் போத்தலே கப்பலேறி நம் இலங்கைக்கும் வந்து, சாராயத்துக்கு மட்டுமன்றி, தேங்காயெண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் பாலுக்கும் தேனுக்கும் அளவையாக அமர்ந்துவிட்டது. கலனை ஆறாற் பிரித்தால் 758 மில்லிலீற்றர் வரும். இன்று 750 மில்லிலீற்றர் என்று போத்தலின் மேல் அச்சிடுவது அதன் வழிவந்ததே. ஆகவே அப்பாயி தம் வாழ்நாளெல்லாம் எண்ணெய் வாங்கிக் கண்ட கணக்கைச் சரியாகவே சொன்னார். தமிழகத்து மதுக்கடைகளிலே ‘குவாட்டர்’ என்று கேட்டு வாங்குவதும் கலனின் காலன்று. போத்தலின் கால், அதுவும் 180 மில்லிலீற்றர்தான். மாணவர் அச்சொல்லின் பிறப்பை அறிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்வாராக.

எனில் உண்மையான குவாட்டு நம் வீடுகளில் எங்கே இருந்தது? அஃது அரிசிப் பானைக்குள்ளே இருந்தது. நாம் கொத்து என்று அழைத்தது அதனையே. நான்கு சுண்டு ஒரு கொத்து. 32 கொத்து ஒரு புசல். ஆங்கிலக் கணக்கிலே 8 கலன் ஒரு புசல், அதாவது 32 குவாட்டு. இரண்டு வாய்பாட்டையும் அருகருகே வைத்தால் கொத்தும் குவாட்டும் ஒன்றே என்பதும், சுண்டு அரைப் பைந்து என்பதும் விளங்கும். ஒரு கொத்து அரிசி இரண்டு இறாத்தல் நிறை என்று கொள்வது வழக்கம். கையில் அளவுச் சுண்டு இல்லாத வீட்டிலே பால் டின் அந்த வேலையைச் செய்தது. 14 அவுன்ஸ், அதாவது 397 கிராம், கட்டிப்பால் அடங்கிய டின் ஏறத்தாழ 300 மில்லிலீற்றர் கொள்ளும். சுண்டோ 284 தான். ஆகவே பால் டின் சுண்டைவிடச் சற்றுப் பெரிது. இதிலொரு வேடிக்கை உண்டு. நான்கு சுண்டு அரிசி இரண்டு இறாத்தல். தலைவழித்த நான்கு பால் டின் அரிசியோ கிட்டத்தட்ட ஒரு கிலோகிராம். இறாத்தல் போய்க் கிலோ வந்தபின்னர், பால் டின்னே சுண்டைவிடச் சரியான அளவையாகிவிட்டது!

மலையகத்து மக்களுக்குக் கொத்தும் புசலும் வெறும் வாய்பாடாக இருந்ததில்லை. கங்காணி முறை நிலவிய நாளிலே, தோட்டத்தில் அரிசி புசற்கணக்கில் கொடுக்கப்பட்டு, அதன் விலை சம்பளத்திலே கழிக்கப்பட்டது. 1927 ஆம் ஆண்டிலே இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோதும், நாட்கூலியோடு சேர்த்து, தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலையும் கவனிக்கப்பட வேண்டியதாயிற்று. ஏனெனில், கூலி எத்தனை சதம் என்று தாளிலே எழுதிவிடலாம்; அந்தச் சதங்கள் எத்தனை கொத்து அரிசியாகின்றன என்பதே அடுப்படியின் கேள்வி. கூலியைக் குறைப்பதற்குச் சம்பளப் புத்தகத்திலே கைவைக்க வேண்டியதில்லை. அளக்கும் கொத்திலே ஒரு விரற்கடை குறைந்தாலும் போதும்.

நாட்டின் அரசியலே ஒரு கொத்து அரிசியைச் சுற்றிச் சுழன்ற காலமும் உண்டு. 1953 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12 ஆந் திகதி நாடெங்கும் கடையடைப்பும் வேலைநிறுத்தமும் நடந்தன. துப்பாக்கிச் சூட்டிலே உயிர்கள் பலியாயின. பிரதமர் டட்லி சேனநாயக்கா ஒக்டோபரிலே பதவி விலகினார். மீண்டும் அவரே பிரதமராக இருந்த 1966 ஆம் ஆண்டின் இறுதியில், வாரம் இரண்டு கொத்தாக இருந்த பங்கீடு ஒரு கொத்தாகக் குறைந்தது. அந்த ஒன்று இலவசம். 1970 ஆம் ஆண்டுத் தேர்தலில், சந்திரனிலிருந்தேனும் கொண்டுவந்து இரண்டு கொத்து அரிசி தருவோம் என்னும் வாக்குறுதி மேடைதோறும் முழங்கிற்று. சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரின் கூட்டணி பெருவெற்றி பெற்றது. 1948, 1949 ஆம் ஆண்டுகளின் சட்டங்களாலே குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்திருந்த தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் இந்த வாக்குறுதிக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும் நிலையில் இருக்கவில்லை. ஆயினும் 1973, 1974 ஆம் ஆண்டுகளிலே உணவுத் தட்டுப்பாடு வந்து பங்கீடு சுருங்கியபோது, அதன் கொடுமையை மற்றெவரினும் மிகுதியாக அனுபவித்தவர் அவர்களே. விதைக்க வயலுமின்றி, வாங்கக் காசுமின்றி, லயங்களிலே பசியால் மாண்டவர் பலர். அக்காலத்தைக் கண்ட முதியோர் அரிசியை அளக்கும்போது கீழே சிந்திய மணிகளைக் கையால் ஒற்றி எடுப்பதை இன்றும் காணலாம்.

ஒரு கொத்து எவ்வாறு குறையும் என்பதைக் கணக்காகப் பார்ப்போம். மாணவர் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்க.

உட்குறுக்களவு 10 சென்ரிமீற்றர், உள்ளுயரம் 14.5 சென்ரிமீற்றர் உள்ள ஓர் உருளைப் பாத்திரத்தை எண்ணுக. ஆரையின் வர்க்கத்தைப் பையாலும் உயரத்தாலும் பெருக்கினால் 1,139 கன சென்ரிமீற்றர் வரும். கிட்டத்தட்ட ஒரு கொத்து. உயரத்தை மட்டும் அரைச் சென்ரிமீற்றர் குறைத்தால் கொள்ளளவு 1,100 ஆகும். இழப்பு நூற்றுக்கு மூன்றரைக்குள். உயரத்தைத் தொடாமல் குறுக்களவை அதே அரைச் சென்ரிமீற்றர் குறைத்தாலோ, கொள்ளளவு 1,028 ஆகிவிடும். இழப்பு நூற்றுக்குப் பத்துக்கு அண்மையில்! பத்துக் கொத்துக்கு ஒரு கொத்துப் போயிற்று. உயரம் ஒரு முறைதான் பெருக்கப்படுகிறது. ஆரையோ இரு முறை. நம் கண்ணோ இதற்கு மாறாக ஏமாறும். உயரக் குறைவு உடனே கண்ணிற் படும். அகலக் குறைவு படாது. பாத்திரத்தின் வெளிப்புறத்தைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. தடித்த சுவருடைய மரக் கொத்தும் மெல்லிய தகரக் கொத்தும் வெளியே ஒரே பருமனாயிருப்பின், உள்ளே ஒரே அளவாயிரா. கனவளவு என்பது ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடம். கொள்ளளவு என்பது ஒரு பாத்திரம் உள்ளே இடங்கொடுக்கும் அளவு. வெறும் பாத்திரத்துக்கும் கொள்ளளவு உண்டு.

அடி நசுங்கிய கொத்தும் இவ்வாறே. வெளியே மாற்றமின்றி நிற்கும், உள்ளே குறையும். இது சிறு பாத்திரத்துக்கு மட்டும் உரிய குற்றமன்று. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் நீரைச் சுமந்து வரும் கெகல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய காசல்றீ நீர்த்தேக்கத்தை எண்ணுக. மலைச்சரிவின் மண் மழையிலே கரைந்து வந்து தேக்கத்தின் அடியிலே படியப் படிய, அணையின் உயரம் ஓர் அங்குலமும் குறையாமலே கொள்ளளவு குறைந்துவிடும்.

அடுத்தது தலைவழித்தலும் குவித்தலும். தடியால் வழித்து அளந்தால் பாத்திரத்தின் கொள்ளளவே கிடைக்கும். குவித்து அளந்தாலோ, மேலே நிற்கும் கூம்பும் சேரும். நம் 10 சென்ரிமீற்றர்ப் பாத்திரத்திலே அரிசி மூன்றரைச் சென்ரிமீற்றர் உயரம் குவிந்து நிற்பதாகக் கொண்டால், அக்கூம்பு 92 கன சென்ரிமீற்றர்; நூற்றுக்கு எட்டு மிகுதி. அதே கொத்தை, 14 சென்ரிமீற்றர் வாயகலமும் குறைந்த உயரமும் உள்ள பாத்திரமாகச் செய்தால், அதே சரிவிலே நிற்கும் கூம்பு 250 கன சென்ரிமீற்றருக்கு மேலாகும். நூற்றுக்கு இருபத்திரண்டு மிகுதி. வாங்கும்போது அகன்ற வாய்ப் பாத்திரத்திலே குவித்து வாங்கி, விற்கும்போது ஒடுங்கிய வாய்ப் பாத்திரத்திலே வழித்து விற்றால், முத்திரை குத்திய இரு பாத்திரங்களைக் கொண்டே ஒருவர் செல்வராகிவிடலாம். இதனாலன்றோ ஆங்கிலேயர் 1835 ஆம் ஆண்டுச் சட்டத்திலே குவித்து அளக்கும் முறையையே ஒழித்தனர்! தாராள மனத்தோடு குவித்துப் போடுகிறார் என்று நாம் ஒருவரைப் பாராட்டலாம். ஆனால் பாராட்டு வேறு, அளவை வேறு.

அளவையிலே இத்தகைய கண்டிப்பு நம் முன்னோருக்குப் புதிதன்று. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி என்னும் வாய்பாடு, இரட்டித்து இரட்டித்துச் செல்லும் அழகுடையது. ஒரே ஒரு பாத்திரமும் ஒரு வெற்றுக் குவளையும் இருந்தால், பாதி பாதியாகப் பகிர்ந்து மற்றெல்லாச் சிற்றளவையையும் கண்டுபிடித்துவிடலாம். பத்துப் பத்தாகப் பகிரும் இன்றைய முறைக்கு அந்த வசதி இல்லை. எனினும் ஊருக்கொரு நாழி இருந்தது என்பதே பழைய முறையின் பெருங்குறை. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளிலே, ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்க வேண்டுமென்றும், அது இராசகேசரி என்னும் அளவையோடு ஒத்ததென்றும் பொறித்திருப்பதைக் காண்கிறோம். மரக்காலுக்குப் பெயரிட்டு, அதை இன்னொன்றோடு ஒப்பிட்டுக் கல்லில் வெட்டிவைத்ததன் காரணம், வெறுமனே மரக்கால் என்றால் போதாது என்பதுதான். சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் மலையேறி வந்தவர்கள் தங்கள் ஊர்ப் படியை நெஞ்சிலே கொண்டு வந்தனர். 100 கன அங்குலமுள்ள சென்னைப் படி 1.64 லீற்றர்; இங்கே கிடைத்த கொத்தோ 1.14 லீற்றர். ஊரிலே ஒரு படி அரிசி பொங்கிப் பழகிய தாய்மார்க்கு, ஒரு கொத்து ஏன் வீட்டாருக்குப் போதவில்லை என்பது முதல்நாளே விளங்கியிருக்கும்.

முகத்தலளவைக்கு இயற்கையிலேயே ஒரு குறை உண்டு. நீருக்கும் எண்ணெய்க்கும் அது உத்தமமானது. ஏனெனில் நீர்ப்பொருள் இடைவெளி விடாது. தானியமும் மாவும் காற்றையும் சேர்த்தே அளக்க வைக்கும். சலித்த மாவை மெல்லப் பெய்த கோப்பையும், தட்டித் தட்டி நிரப்பிய கோப்பையும் ஒன்றாகா. தேயிலைத் தூளிலும் இதைக் காணலாம். 400 கிராம் ‘டஸ்ட்’ தேயிலை அடங்கும் பைக்குள், இலைப்பருமன் மிக்க தேயிலை அதே நிறை அடங்காது. பச்சைக் கொழுந்தைக் கூடைக் கணக்கில் ஏற்காமல் நிறுத்தே ஏற்பதும் இதனாலே. அமுக்கினால் பாதியாகும் பொருளுக்குக் கூடை அளவையாகாது.

ஆயினும் நிறுத்தலும் தானாகவே நீதியாகிவிடாது. கொழுந்தின் மேல் தங்கிய மழைநீருக்கு இத்தனை, சாக்குக்கு இத்தனை என்று நிறையிலே கழிப்பது தோட்டங்களில் நெடுநாள் வழக்கம். ஈரம் இல்லாத வெயில் நாளிலும் அதே கழிவு கழிக்கப்படுகிறது என்பது நெடுநாள் மனக்குறை. நாட்சம்பளமே இத்தனை கிலோகிராம் என்னும் இலக்கைப் பொறுத்து நிற்கும்போது, ஒரு கிலோகிராம் சிறிதன்று. தராசின் முகம் கொழுந்து பறித்தவரின் கண்ணுக்குத் தெரியும்படி வைக்கப்பட வேண்டும். கழிவு எதற்காக, எவ்வளவு என்பது அவருக்குச் சொல்லப்பட வேண்டும். தராசிலே அவ்வாண்டின் முத்திரை இருக்க வேண்டும் என்பதே நம் கருத்து. 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் பற்றிய சட்டம் வியாபாரத்திலே பயன்படும் அளவைகளுக்கு முத்திரை கேட்கிறது. ஒரு தாய் நாளெல்லாம் மலையேறிப் பறித்த கொழுந்து, வெங்காயத்தைவிடக் குறைந்த கவனத்தோடு நிறுக்கப்படலாகாது.

இனி, எல்லாவற்றிலும் அவசரமான ஒன்றைச் சொல்ல வேண்டும். குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டால், ‘ஜீவனி’ என்னும் உப்புச் சர்க்கரைப் பொடியைக் கரைத்துக் கொடுக்கிறோம். அந்தப் பொதி ஒரு லீற்றர் நீருக்கென்று அளந்து கட்டப்பட்டது. வீட்டிலே கிடக்கும் வெற்றுப் போத்தலை எடுத்து, நிறைய நீர் விட்டு, ஒரு பொதியைக் கரைத்தால் என்னாகும்? போத்தல் லீற்றரன்று, முக்கால் லீற்றர். ஆகவே கரைசல் மூன்றிலொரு பங்கு கடுமையாகிவிடும். நீரிழந்து வாடும் குழந்தையின் குருதியிலே உப்பு மேலும் ஏறும், மருந்தே தீங்காகலாம். பெரிய போத்தலில் ஒன்றரை லீற்றர் நீரிலே கரைத்தாலோ, வேண்டிய உப்பு கிட்டாது. போத்தல் என்பதும் லீற்றர் என்பதும் ஒன்றென்று பேச்சுவழக்கிலே கொள்வோர் நம்மிடையே பலர். எண்ணெய் வாங்குவதிலே அது சில ரூபாய் இழப்போடு போகும். இங்கே அப்படிப் போகாது. அரை லீற்றர் என்று அச்சிட்ட தண்ணீர்ப் போத்தலால் இருமுறை, கொதித்தாறிய நீரை அளந்து கரைப்பதே எளிய வழி. ஒரு நாள் கழிந்தால் மீந்ததைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும்.

வீட்டிலுள்ள பாத்திரத்தின் கொள்ளளவை அறிய விரும்புவோர்க்கு வாய்பாடு வேண்டியதில்லை. ஒரு தராசு போதும். வெறும் பாத்திரத்தை நிறுத்து, பிறகு தண்ணீர் நிரப்பி நிறுத்து, முன்னதைப் பின்னதிலிருந்து கழித்தால், எத்தனை கிராமோ அத்தனை மில்லிலீற்றர். குடத்தைப் போலக் கழுத்து ஒடுங்கி வயிறு பெருத்த பாத்திரத்துக்குப் பையும் ஆரையும் உதவா, இம்முறை உதவும். அளந்தபின் பாத்திரத்தின் புறத்திலே ஆணியால் ஒரு கோடு கீறி, அளவை எழுதி வைப்பது நன்று. விளிம்பு வரை கொள்ளும் அளவையும், சிந்தாமல் தூக்கக்கூடிய அளவையும் தனித்தனியே குறித்தால் இன்னும் நன்று. பழைய மண்ணெண்ணெய்த் தகரம் நான்கு கலன் என்பார்கள். அதை நிறைத்தால் தண்ணீர் மட்டுமே 18 கிலோகிராம். பீலியிலிருந்து லயத்துக்கு ஏறும் படியிலே அந்த நிறையைச் சுமந்த தலைகளுக்கு அது தெரியும்.

கடிதம் எழுதிய மாணவர்க்கும் அவர் தோழர்க்கும் ஒரு கணக்குத் தருகிறோம். ஒரு புசல் நெல் 46 இறாத்தல். ஒரு புசல் அரிசி 64 இறாத்தல். நெல்லைக் குற்றினால், நிறையிலே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அரிசி கிடைக்கும். ஆனால் ஒரு புசல் நெல்லுக்கு அரைப் புசல் அரிசிதான் என்று வயற்காரர் சொல்வர். வயற்காரர் சொல்வது சரியா? ஒரு புசல் நெல்லுக்கு எத்தனை கொத்து அரிசி தேறும்? செய்கையுடன் விடை எழுதி அனுப்புக; அடுத்த ஞாயிறன்று பார்ப்போம்.